பாசியும் ஆனையும்

எங்கள் வீட்டில் கிழக்குப் பக்கத்து முறிக்கு ரோஸ் நிறம் அடித்தது மகளுடைய கல்யாணத்துக்கு. முறி என்றால் அறைதான். எல்லையோரத்தில் பனச்சமூட்டைச் சுற்றி உள்ள ஊர்களில் நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். கல்யாணம் கழிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்து தங்குகிற முறிக்குப் புது நிறம் அடிக்க வேண்டும், அது பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் அடித்தேன். அந்த ரோஸ் மங்குவதற்கு முன்னேயே மகள் திரும்பி வந்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. "கொஞ்ச நாள் நிக்கேன் அப்பா" என்றாள். நானும் கொஞ்ச நாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

மருமகன் அவள் மேல் கை நீட்டியது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சபையில் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். அடிச்சானா? இல்லை. குடிப்பானா? இல்லை. பின்னே? அந்தப் 'பின்னே'க்குத்தான் என்னிடம் பதில் இல்லாமல் போயிற்று.

அவனுடைய வீடு நெய்யாற்றின்கரைப் பக்கம். மாடி வீடு, உள்ளே எல்லாம் வெள்ளைப் பெயிண்ட். ஹாலில் ஒரு கேமரா, அடுக்களையில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று. கள்ளனுக்காக என்று சொன்னார்கள். அவன் வேலைக்குப் போன இடத்திலிருந்து போனில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இவள் ஜன்னல் பக்கம் நின்றால் உடனே போனில் விளி வரும்: "அங்க என்னத்தைப் பார்த்துட்டு நிக்க?" உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்தாய், படுத்தால் ஏன் படுத்தாய். காலையில் போகும்போது கேட்டைப் பூட்டி, சாவியைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவான்.

இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவிடம் சொன்னாள், அவள் என்னிடம் சொன்னாள். "வெள்ளைச் செவுத்துல பல்லி இருக்கது போலயாக்கும் அம்மா. எங்க நின்னாலும் என்னைத் தெரியும்" என்று சொன்னாளாம்.

வந்த பிறகு அவள் முறியைவிட்டு வெளியே வரவே இல்லை. சாப்பிட வருவாள், போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கூப்பிட்டால் தலை வலிக்கிறது என்பாள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு, தலை நிமிராமல் கேட்டாள்:

"அப்பா, எனக்க முறிக்கு வேற நிறம் அடிச்சுத் தருவீளா? இருட்டா ஒரு நிறம்."

அவள் வந்த பிறகு கேட்ட ஒரே காரியம் அது. எனக்கு அது சின்னக் காரியமாகத்தான் தோன்றியது. அவளுடைய அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. மீன்சட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

பிறகு அடுக்களையில் வைத்துச் சொன்னாள். "நம்ம ஊருல எப்பமாக்கும் செவுருக்கு நிறம் மாத்துவாவ? ஒண்ணு கிறிஸ்துமஸுக்கு, இல்லேன்னா கல்யாணத்துக்கு. இப்பம் மாத்தினா என்ன அர்த்தம்? கல்யாண நிறத்தை நாமளே அழிச்சாச்சு, பிள்ளை இனி போகாது, அதுதானே அர்த்தம்? அதை நீங்க ஊரைக் கூட்டிச் சொல்லப் போறியளா?"

அவள் கெட்ட மனசோடு சொல்லவில்லை. மகள் எப்படியாவது திரும்பிப் போய் நன்றாக வாழ வேண்டும் என்று முட்டுப்போட்டு ஜெபித்துக்கொண்டிருந்தவள் அவள். சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தாள், கேள்வி வரும் என்று. நானும் ஜெபித்தேன். ஆனால் என்ன கேட்டு ஜெபிப்பது என்று தெரியாமல் ஜெபித்தேன். கர்த்தர் சேர்த்ததைப் பிரிக்கக் கூடாது என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவன். அதே கர்த்தர்தானே இந்தப் பிள்ளையையும் எனக்குத் தந்தார். இந்தப் பக்கம் திரும்பினால் அது இடிக்கும், அந்தப் பக்கம் திரும்பினால் இது இடிக்கும்.

அது ரப்பர் இலை உதிர்கிற காலம். எனக்கு உள்ளது வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் ரப்பர் மரம், அதை வெட்டிப் பாலெடுத்துத்தான் ஜீவனம். இலை உதிர்ந்தால் வெட்டை நிறுத்திவிடுவோம். அதனால் பகல் முழுக்க நானும் வீட்டிலேயே கிடந்தேன். மற்றக் காலத்தில் ரோட்டில் நின்று பார்த்தால் எங்கள் வீடு இருப்பதே தெரியாது. இலை உதிர்ந்தால் திண்டுக்குமேல் வைத்த பெட்டி போல எல்லாப் பக்கமும் தெரியும். கொடியில் கிடக்கிற துணி தெரியும். ஜன்னலில் ஆள் நின்றால் தெரியும். கூட வெட்டுக்குப் போகிற கூட்டாளி ஒருவன் பைக்கை நிறுத்தி ரோட்டிலிருந்தே சத்தம் போட்டான்: "எலே, உனக்க வீடு இப்பம் டிவி மாதிரி தெரியுதுலே! மோளு வந்திருக்கா போல?" நான் கையை மட்டும் ஆட்டினேன். முறியில் ஜன்னலை அடைக்கிற சத்தம் கேட்டது.

அதோடு, முற்றம் நிறையக் காய்ந்த இலை. யார் வந்தாலும் அவர்கள் கால் வைக்கும்போதே சரசர என்று வீட்டுக்குள் கேட்கும். சத்தம் கேட்டதும் மகள் கதவைச் சாத்துவாள். நாய் வந்தாலும் சாத்துவாள்.

நான் பாறசாலைக்குப் போய் பெயிண்ட் கடையில் நின்றேன். கடைக்காரன் விசிறி மாதிரி விரிகிற ஷேட் கார்டை எடுத்துப் போட்டான். இருட்டு நிறம் என்றதும் சிரித்தான்.

"சேட்டா, வீட்டுக்கோ? இந்த நிறத்துல நான் பட்டாளத்து லாரிதான் கண்டிருக்கேன்."

"மோளுக்க முறிக்காக்கும்" என்றேன்.

"பெண்குட்டிக்கா? அப்பம் லாவெண்டர் கொண்டு போங்க. பீச் கொண்டு போங்க."

நான் கார்டை மட்டும் இரண்டு நாளைக்குக் கேட்டேன். தர மனசில்லாமல் தந்தான். மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க இருந்தாள். அவள் வந்த பிறகு ஒரு காரியத்தில் அவ்வளவு நேரம் மனசு வைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கடைசியில் மூன்று நிறம் காட்டினாள். மூன்றும் பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை. எனக்கு மூன்றும் ஒன்று போலத்தான் இருந்தது.

"ஒண்ணைச் சொல்லு மக்கா, வாங்கிட்டு வாறேன்."

"ஒண்ணு போலயா இருக்கு அப்பா? நல்லாப் பாருங்க."

சின்ன டப்பாவில் மூன்றும் கொஞ்சம் கலக்கி வாங்கி வந்தேன். அவளே பிரஷ் எடுத்து அடித்தாள். ரோஸ் செவுரில் அங்கங்கே கைக்குட்டை அளவுக்குச் சதுரம் சதுரமாக: ஜன்னலுக்குப் பக்கத்தில், கதவுக்குப் பின்னால், அலமாரி ஓரத்தில், கட்டிலுக்குத் தலைமாட்டில். ஒன்று காய்ந்ததும் கருப்பாகப் போய்விட்டது, அதை விட்டோம். மற்ற இரண்டுக்கும் அவள் பெயர் வைத்தாள். பச்சை கொஞ்சம் கூடினது பாசி. சாம்பல் கூடினது ஆனை.

அதிலிருந்து இதே வேலையாயிற்று எங்களுக்கு. காலையில் சாயாவோடு நான் போவேன். "இப்பம் பாசி கொள்ளாம்" என்பாள். கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது. மத்தியானம் இலையில்லாத மரங்களுக்கு நடுவே வெயில் நேராக முறிக்குள் விழும்போது, "பாசி கண்ணுல குத்துது, ஆனையாக்கும் நல்லது" என்பாள். அந்தி நேரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். லைட் போட்டால் ஆனை கொஞ்சம் நீலமாகும்.

"இந்த நிறத்துல சாஞ்சு நின்னா என்னைத் தெரியுமா அப்பா?" என்று ஒரு நாள் சதுரத்தில் தோளை வைத்துக்கொண்டு கேட்டாள். கைக்குட்டை அளவுச் சதுரத்தில் ஆள் எப்படி மறையும்? "கொஞ்சம் தெரியாது" என்றேன். சிரித்தாள். அவள் சிரித்ததற்காகவே நான் ஆனையா பாசியா என்று இன்னும் ஒரு வாரம் இழுக்கலாம் என்று நினைத்தேன்.

உள்ளதைச் சொன்னால், இழுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. எந்த நிறம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்வரைக்கும் அடிப்பதா வேண்டாமா என்பதற்கு நான் பதில் சொல்ல வேண்டாம். மனைவியும் சும்மா இருந்தாள். பெயிண்ட் வாங்கவில்லையே, வெறும் சதுரம்தானே, மேலே ரோஸ் அடித்தால் போகும் என்பது போல. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சதுரங்களுக்குள்ளேயே கிடந்தோம்.

அப்படி இருக்கும்போதுதான் சபை மூப்பர் போன் செய்தார். வயசில் பெரியவர், என் ஞானஸ்நானத்திலிருந்து என்னைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மருமகனுடைய மாமாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். "சமாதானமாப் பேசி முடிப்போம் தம்பி. ஈஸ்டருக்கு முன்னே பிள்ளை அங்க இருக்கணும்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூப்பரிடம் அப்படிச் சொல்லிப் பழக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காய்ந்த இலை சரசரத்தது. மகள் முறிக் கதவைச் சாத்தினாள். இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். மாமா நல்ல மாதிரியாகத்தான் பேசினார், குரல் உயர்த்தவில்லை. குரல் உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"பையனுக்கு ஸ்நேகம் கூடிப்போச்சு சம்பந்தி, அதாக்கும் காரியம். அவனுக்கு அவளைக் காணாம இருக்க முடியாது."

"கேமராவில..." என்று தொடங்கினேன்.

"இந்தக் காலத்துல எந்த வீட்டுல கேமரா இல்ல? எனக்க கோழிக்கூட்டுல உண்டு!" என்றார் மாமா. மூப்பர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஏன் சிரித்தேன் என்று வெட்கமாயிருந்தது.

"அப்பம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் கொண்டு விடுவோமா தம்பி?" என்றார் மூப்பர். "ஒரு நாள் சொல்லு. நானும் கூட வாறேன்."

எனக்குத் தலை குனிந்திருந்தது. ஆமா என்று சொல்லிவிடுவேன் என்றே தோன்றியது. அந்த நாற்காலியில் இருந்து எழும்ப வேறு வழி இருக்கிறதாக எனக்குத் தெரியவில்லை. அப்போது மாமா, பிள்ளையை ஒரு தடவை பார்க்கட்டும் என்று எழும்பி முறிக் கதவைத் தட்டினார். மகள் திறந்தாள். திறந்துவிட்டு அலமாரி ஓரத்தில் போய் நின்றாள். மாமா செவுரைப் பார்த்தார்.

"இது என்ன, செவுரெல்லாம் கரி? அடிக்கப் போறியளோ? நல்ல ரோஸ் அல்லே கிடக்குது? வீட்டுல வேற விசேஷம் ஒண்ணும் உண்டா?"

மகள் என்னைப் பார்த்தாள். இதற்கு நான் சொல்லுகிற பதில்தான் அவளுக்கு எல்லாம் என்று எனக்குத் தெரியும். நான் செவுரைப் பார்த்தேன்.

மனைவி சாயாத் தட்டோடு வந்து எங்கள் பின்னால் நின்றிருந்தாள். அவளும் அந்தச் செவுரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவள் அந்த முறிக்குள் வந்து சதுரங்களை ஒரு தடவைகூட நேராகப் பார்த்ததில்லை என்றே நினைத்திருந்தேன்.

"இஞ்ச பாருங்க" என்றாள் என்னிடம். மற்றவர்கள் அங்கே இல்லாதது போல. "பாசி வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் இலையில்லாத வெளிச்சத்துல வச்சு நிறம் பாக்கிய. இடவப்பாதி மழை வரட்டும். அப்பம் ரப்பர் இலை முத்தி ஜன்னலை அடைச்சிரும், உள்ள வாற வெளிச்சமே பச்சையா இருக்கும். அதுல பாசி அடிச்சா பிள்ளை கெணத்துக்குள்ள இருக்கது போல இருக்கும். ஆனை போதும்."

ரப்பருக்கு நடுவே பிறந்து வளர்ந்து, அதையே வெட்டி ஜீவிக்கிறவன் நான். இலை வந்தால் முறிக்குள் வெளிச்சம் மாறும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் இலை வரும்போது அவள் இங்கே இருப்பாள் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. அதனால் அந்தக் கணக்கு என் மனசில் வரவில்லை. ஜூன் மாசத்து மழையில் மகள் எந்தச் செவுரைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று யோசித்தது, அவள் போக வேண்டும் என்று அழுது ஜெபித்த அவளுடைய அம்மா.

"இடவப்பாதியா?" என்றார் மாமா. "ஈஸ்டரே இன்னும் வரல்ல, நீங்க இடவப்பாதியைப் பறையிறீங்க?"

"ஈஸ்டர் வரும், அதுக்குப் பொறவு இடவப்பாதியும் வரும்" என்றாள் மனைவி. "சாயா ஆறுது. குடியுங்க."

குடித்தார்கள். அதற்கு மேல் பேச்சு நடக்கவில்லை. ஆனால் எங்கள் வழக்கப்படி ஜெபம் பண்ணாமல் ஒரு வீட்டைவிட்டு எழும்பிப் போக முடியாது, சண்டை போட்டாலும். எப்போதும் மூப்பர்தான் ஜெபிப்பார். அன்றைக்கு அவர், "நீயே ஜெபி தம்பி" என்றார். அவருக்கும் என்ன கேட்பது என்று தெரியவில்லையோ, இல்லை என்னை மாட்டிவிட நினைத்தாரோ, தெரியாது. அவரை நான் குறை சொல்லவில்லை.

எல்லாரும் எழும்பிக் கண்ணை மூடினார்கள். நான் ஜெபத்தில் சபைத் தமிழ்தான் பேசுவேன். அன்றைக்கு அது வரவில்லை. மனுஷரிடம் மழுப்பலாம், கண்ணை மூடிக்கொண்டு கர்த்தரிடம் எப்படி மழுப்புவது?

"கர்த்தாவே, ஸ்தோத்திரம்" என்றேன். வெளியே இலையில் ஒரு கோழி கிளறுகிற சத்தம் கேட்டது. "எனக்க மோளுக்கு இந்த வீட்டுல ஒரு முறி உண்டு. அதைத் தந்ததுக்கு ஸ்தோத்திரம். அவ எத்தனை நாள் இருந்தாலும் அது அவளுக்க முறியா இருக்கட்டும். ஆமென்."

மூப்பர் மட்டும் மெதுவாக ஆமென் சொன்னார். மாமா சொல்லவில்லை. முறிக்குள்ளிருந்து ஆமென் கேட்டதா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

அவர்கள் போனதும் மனைவி முற்றத்துக்குப் போய் விளக்குமாறு எடுத்து, ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பாராமல், அவ்வளவு இலையையும் கூட்டிக் குவித்தாள். அழுதுகொண்டே கூட்டினாள். நான் கிட்டே போனேன். "ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றாள். "நாளைக்குப் போய் பெயிண்ட் எடுங்க. பிரைமரும் எடுங்க, இல்லேன்னா ரோஸ் உள்ளேயிருந்து தெரியும்."

பெயிண்டர் வந்து பிரைமர் அடித்தபோது முறி முழுக்க வெள்ளையாயிற்று. அது காய்கிறவரைக்கும் மகள் உள்ளே போகவில்லை, அடுக்களையில் அவளுடைய அம்மா பக்கத்தில் பாய் விரித்துக் கிடந்தாள். பிறகு ஆனை அடித்தோம்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. மருமகன் வக்கீலை வைத்திருக்கிறான், நாங்களும் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்குப் போய்வருகிறோம். சபையில் என் பக்கத்தில் இருக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறார்கள். மகள் இன்னும் ஆராதனைக்கு வருவதில்லை. சில நாள் முறியிலிருந்தே வருவதில்லை. நான்தான் அவளை வேறொரு பெட்டிக்குள் வைத்துவிட்டேனோ என்று பயம் வரும். அதையும் கர்த்தரிடம்தான் சொல்லுகிறேன்.

இடவப்பாதி வந்தது. மனைவி சொன்னது போலவே ரப்பர் இலை முத்தி ஜன்னலை அடைத்தது. ரோட்டிலிருந்து வீடு தெரியாமல் போயிற்று. முறிக்குள் வந்த வெளிச்சம் பச்சை. ஆனால் அந்த வெளிச்சத்தில் எங்கள் ஆனையும் பாசியாகத்தான் ஆயிற்று. பாசி அடித்திருந்தால் என்னவாயிருக்குமோ, கர்த்தருக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் பலத்த மழை, கரண்ட் இல்லை. நான் வெளியே போய் நனைந்து வந்தேன். முறிக் கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் ஆள் இல்லை. நாற்காலியில் இல்லை. மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்று, "மக்கா" என்று கூப்பிட்டேன். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

"எதுக்கு அப்பா இந்தப் பாடு படுதிய?" என்று செவுரிலிருந்து குரல் வந்தது. அலமாரிக்குப் பக்கத்தில் செவுரில் சாய்ந்து தரையில் இருந்தாள், சாம்பல் நிறத்தில் ஒரு நைட்டி. என் கண்ணுக்கு நேரேதான் இருந்திருக்கிறாள்.

"உன்னைக் காணல்லியே மக்கா."

"இங்கதானே உண்டு" என்றாள். "அம்மாவையும் கூப்பிடுங்க. அவளுக்குத் தெரியுதான்னு பாப்போம்."